மூலக்கூறு வாயு எத்தனை காலம் தாங்கும்? என்.ஜி.சி. 628-இல் ஒரு பயிற்சிக் கணக்கு

தென்னாப்பிரிக்காவில் வானியல் என்றவுடன் கரூ வறண்ட நிலத்தின் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கிதான் நினைவுக்கு வருகிறது. அதன் 64 அலைவாங்கிகள் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் அணு ஹைட்ரஜனைப் படமெடுக்கின்றன என்று படித்துவிட்டு, அந்த வாயுவே நேராக விண்மீனாகிறது என்று டர்பனின் சாட்ஸ்வர்த்தில் என்னிடம் கணக்குக் கற்க வரும் மெட்ரிக் மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். விண்மீன்கள் பிறப்பதோ, அந்த வாயு குளிர்ந்து அடர்ந்து மூலக்கூறாக மாறிய மேகங்களுக்குள். அந்த மூலக்கூறு வாயுவுக்கும் விண்மீன் பிறப்பு வீதத்துக்கும் உள்ள விகிதத்தை, அதாவது இதே வீதத்தில் வாயு எத்தனை காலம் தாங்கும் என்பதை, ஒரு கணினியும் பொதுவில் கிடைக்கும் படங்களும் கொண்டு நீங்களே கணக்கிடலாம்.

முதற்படி: விண்மீன் மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தல்

டர்பனில் நவம்பர் மாத முன்னிரவில் ஏறக்குறைய நம் தலைக்கு மேலே வரும் என்.ஜி.சி. 253 நமக்கு நெருக்கமானதுதான். ஆனால் அது பக்கவாட்டில் மிகவும் சாய்ந்திருப்பதாலும், அதன் மையத்தில் விண்மீன்கள் வழக்கத்துக்கு மீறிய வேகத்தில் பிறப்பதாலும் தொடக்கநிலையாளருக்கு ஏற்றதன்று. சுமார் 3.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில் ஏறத்தாழ முழு முகத்தையும் நமக்குக் காட்டும் என்.ஜி.சி. 628-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வாயுவின் படம்

குளிர்ந்த மேகத்தில் ஹைட்ரஜன் மூலக்கூறு ஏறக்குறைய ஒளிர்வதே இல்லை. ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் சமச்சீராக இணைந்திருப்பதால் அதற்கு நிலையான மின் இருமுனை கிடையாது. பத்து இருபது கெல்வின் வெப்பநிலை அதைக் கிளர்ச்சியூட்டவும் போதாது. ஆகவே அதனுடன் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடை அடையாளமாகக் கொள்கிறோம். அது 2.6 மில்லிமீட்டரிலும் 1.3 மில்லிமீட்டரிலும் ஒளிர்கிறது. இவ்வளவு குறுகிய அலைகளை மீர்கேட்டால் பெற இயலாது. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் சுமார் 5000 மீட்டர் உயரத்தில் உள்ள ஆல்மா தொலைநோக்கி பெறுகிறது. ஃபாங்ஸ் ஆய்வுக்குழு ஆல்மாவைக் கொண்டு 1.3 மில்லிமீட்டர் கோட்டில் எடுத்த படத்தைத் தரவிறக்குங்கள். அதில் ஒளிர்வைக் குறிக்கும் அலகு ‘கெல்வின் கி.மீ./வினாடி’.

மூன்றாம் படி: படத்தை மங்கலாக்குதல்

இதைத் தவிர்த்தால் விடையே மாறிவிடும். கூர்மையான படத்தில் வாயு மிகுந்த இடமும் இளம் விண்மீன்கள் மிகுந்த இடமும் ஒன்றாக அமைவதில்லை. ஏனெனில் பிறந்த விண்மீன்கள் தம் கதிர்வீச்சாலும் பின்னர் வெடிப்பாலும் தாய் மேகத்தைக் கலைத்துவிடுகின்றன. வாயு உச்சிகளை மட்டும் அளந்தால் காலம் மிக நீளும், விண்மீன் உச்சிகளை மட்டும் அளந்தால் மிகக் குறுகும். ஒவ்வொரு பகுதியிலும் எல்லா வயது மேகங்களும் இடம்பெறுமாறு, வாயுப் படத்தையும் ஐந்தாம் படியில் வரும் பிறப்பு வீதப் படத்தையும் ஒரு கிலோபார்செக் (சுமார் 3260 ஒளியாண்டு) அளவுக்கு, அதாவது இம்மண்டலத்தின் தொலைவில் சுமார் 21 வில்விகலைக்கு (ஒரு வில்விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு), மங்கலாக்கி ஒரே பிக்சல் கட்டத்தில் பொருத்துங்கள். பைத்தான் மொழிக்கான வானியல் நிரல்தொகுப்பான ஆஸ்ட்ரோபை இதற்குப் போதும்.

நான்காம் படி: நிறையாக்குதல்

வாயுப் படத்தில் ஒரு பகுதியின் மதிப்பு 3.9 என்று பயிற்சிக்காகக் கொள்வோம். 1.3 மில்லிமீட்டர் கோட்டை 2.6 மில்லிமீட்டர் கோட்டின் அளவுக்கு மாற்ற 0.65-ஆல் வகுத்தால் 6 கிடைக்கும். அதை நம் பால்வழிக்குரிய மாற்றுக்காரணியான 4.35-ஆல் பெருக்கினால், ஹீலியமும் சேர்ந்து, ஒரு சதுர பார்செக்குக்கு சுமார் 26 சூரிய நிறை. மண்டலத்தின் சாய்வு 9 பாகைதான் என்பதால் அதற்கான திருத்தத்தை விட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: பிறப்பு வீதம்

இளம் விண்மீன்களின் புற ஊதா ஒளியையும், தூசு விழுங்கி அகச்சிவப்பாக உமிழும் பங்கையும் கூட்ட வேண்டும். கேலெக்ஸ், வைஸ் விண்கலங்களின் படங்கள் இதற்கு உதவும். விடை ஒரு சதுர கிலோபார்செக்குக்கு ஆண்டுக்கு 0.012 சூரிய நிறை என்று வைத்துக்கொள்வோம்.

ஆறாம் படி: வகுத்தல்

மூட்டையில் மீந்திருக்கும் மீலி (மக்காச்சோள) மாவை ஒரு நாள் செலவால் வகுத்து எத்தனை நாளுக்கு வரும் என்று பார்க்கும் அதே கணக்குதான். ஒரு சதுர கிலோபார்செக்கில் பத்து லட்சம் சதுர பார்செக் உள்ளதால், 2.6 கோடியை 0.012-ஆல் வகுக்க, சுமார் 217 கோடி ஆண்டுகள் வரும். அருகிலுள்ள சுருள் மண்டலங்களின் வட்டுகளில் பெரும்பாலும் 200 கோடி ஆண்டுகளை ஒட்டியே விடை அமைகிறது. ஆனால் ஒரு மேகத்தின் ஆயுளோ ஒன்றிரண்டு கோடி ஆண்டுகள்தான். ஆக, ஒரு மேகம் கலைவதற்குள் அதன் நிறையில் சில விழுக்காடே விண்மீனாகிறது. இந்த மந்தமே இத்துறையின் உண்மையான புதிர் என்பது என் கருத்து.

ஒப்பீட்டுக்கு, அணு ஹைட்ரஜனின் அடர்த்தியையும் பிறப்பு வீதத்துக்கு எதிரே வரைந்து பாருங்கள். அது சதுர பார்செக்குக்கு சுமார் 10 சூரிய நிறையை எட்டியதும் நின்றுவிடுகிறது; வீதமோ பல மடங்கு வேறுபடுகிறது. மூலக்கூறு வாயுவை வரைந்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டை ஒட்டி விழும். வானியலாளர் கென்னிகட் 1998-இல், வாயு அடர்த்தியுடன் பிறப்பு வீதம் உயரும் விதத்துக்கு முழு மண்டலங்களில் கண்ட 1.4 என்ற அடுக்கு, இரு வாயுக்களையும் கூட்டி, விண்மீன்கள் மிகுவேகத்தில் பிறக்கும் மண்டலங்களையும் சேர்த்துப் பெற்றது. இந்தக் கோட்டுடன் அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

4.35 என்ற காரணியை எங்கும் பயன்படுத்திவிட முடியாது. ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் குறைந்த, நம் அண்டை மண்டலமான சிறிய மெகல்லன் மேகத்தில் கார்பன் மோனாக்சைடு எளிதில் சிதைவதால் காரணி பல மடங்கு உயர்கிறது. பல மண்டலங்களின் மையத்தில் அது தாழ்கிறது. ஆகவே உங்கள் வரைபடத்தில் மைய கிலோபார்செக்கின் புள்ளிகளை வேறு நிறத்தில் குறித்து, சராசரியில் சேர்க்காமல் விடுங்கள்.