அமில மண்ணில் எண்ணெய் கலந்துவிட்டால்: பாக்டீரியா வைத்தியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அசாமின் தின்சுகியா மாவட்டத்தில், பாக்ஜான் கிராமத்தை ஒட்டிய 5-ஆம் எண் எரிவாயுக் கிணறு 2020 மே 27 அன்று கட்டுப்பாட்டை மீறிப் பீறிட்டது. ஜூன் 9-இல் தீயும் பிடித்தது. முழுதாக அடக்கி முடிக்க நவம்பர் ஆகிவிட்டது. இடைப்பட்ட நாட்களில் வாயுவோடு வெளிவந்த கன்டென்சேட் என்ற லேசான எண்ணெய், சுற்றியிருந்த வயல், தேயிலைத் தோட்டம், மகுரி-மோட்டாபுங் ஏரி என்று எல்லாவற்றின் மேலும் படிந்தது. மேல் அசாமுக்கு எண்ணெய் புதிதல்ல. திக்பாயில் 1901-இலேயே சுத்திகரிப்பு ஆலை வந்துவிட்டது. எண்ணெய்க் கிணறும் தேயிலையும் அங்கே வேலி ஒட்டி இருக்கின்றன. தேயிலை விரும்புவது அமில மண், பிஎச் 4.5 முதல் 5.5 வரை (பிஎச் என்பது அமில-கார அளவு; 7 நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் கூடும்).

எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி பிஎச் 6.5 முதல் 8 வரை உள்ள மண்ணை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதை அப்படியே அமில மண்ணுக்குக் கொண்டுபோனால்தான் சிக்கல் தொடங்குகிறது. பாக்டீரியாவைத் தேடுவதில் செலவழிக்கும் அக்கறையில் பாதியை மண்ணைப் படிப்பதில் செலவழித்தால் போதும், பல தவறுகள் நடக்கவே நடக்காது.

முதல் தவறு, பாட்டிலில் வாங்கிய பாக்டீரியாவை ஊற்றிவிட்டு மண் சுத்தமாகும் என்று காத்திருப்பது. ஆய்வகத்தில் நடுநிலையான, சத்து நிறைந்த திரவத்தில் வளர்ந்த உயிர் அது. பிஎச் 4.5 மண் என்றால் 6.5 மண்ணைவிட அமிலம் நூறு மடங்கு அதிகம். அதோடு 5.5-க்குக் கீழே மண்ணில் கட்டுண்டிருந்த அலுமினியம் கரைந்து வெளியே வரும். அது வேருக்கும் நஞ்சு, பல பாக்டீரியாக்களுக்கும் நஞ்சு. புதிதாக வந்தவை அங்கே வேரூன்றுவது கடினம். அமிலமே இல்லாத இடத்தில்கூட இந்த வழி ஏமாற்றியிருக்கிறது. அலாஸ்காவில் 1989-இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியபோது, கடற்கரையில் ஏற்கெனவே இருந்த பாக்டீரியாக்களுக்கு உரம் போட்டது பலன் தந்தது. கடையில் விற்கும் பாக்டீரியா கலவைகளைக் களத்தில் சோதித்துப் பார்த்ததில், அவற்றால் கூடுதலாக எந்த நன்மையும் தெரியவில்லை.

அப்படியானால் அமில மண்ணில் ஆளே இல்லையா? நிறைய இருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் பாராபர்க்ஹோல்டேரியா மேட்செனியானா என்ற புதிய பாக்டீரியாவை விவரித்தார்கள். அந்த ஆய்வைத் தொடங்கி, அது முடியும் முன் மறைந்த ஜீன் மேட்சன் என்ற பேராசிரியரின் நினைவாக வைத்த பெயர். பிரித்தெடுத்த இடம் அமிலத்தன்மையுள்ள காட்டு மண். அது ஏன் முக்கியம் என்றால், காட்டில் மக்கும் இலையிலும் மரத்திலும் லிக்னின் என்ற உறுதியான பொருள் இருக்கிறது. அது உடையும்போது வளைய வடிவ மூலக்கூறுகள் வருகின்றன. எண்ணெயிலும் நிலக்கரித் தாரிலும் உள்ள நச்சு வளையங்களும் வேதியியலில் அதற்கு உறவுதான். காலம் காலமாக அமிலத்திலேயே வாழ்ந்து, வளையத்தை உடைக்கப் பழகிய உயிர்கள் இந்த மண்ணிலேயே குடியிருக்கின்றன. முதலில் அவற்றைத் தேடுங்கள்.

இரண்டாவது தவறு சுண்ணாம்பில் நடக்கிறது. பெரிய சேதம் விளைவிப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "அமிலம்தானே பிரச்சினை, சுண்ணாம்பைக் கொட்டி 7-க்குக் கொண்டுவந்துவிடலாம்" என்று இறங்குகிறார்கள். சுட்ட சுண்ணாம்பையோ நீற்றிய சுண்ணாம்பையோ போட்டால், அது விழுந்த இடத்தில் பிஎச் 12 வரை எகிறும். உள்ளூர் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடும். அரைத்த சுண்ணாம்புக்கல் தூளோ டோலமைட்டோ அப்படிச் செய்யாது. மெதுவாகக் கரையும், எவ்வளவு போட்டாலும் 8.3-ஐ ஒட்டி நின்றுவிடும். எவ்வளவு போடுவது என்பதைப் பிஎச் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரே 4.8 காட்டும் மணல் மண்ணுக்கும் களிமண்ணுக்கும் தேவைப்படும் சுண்ணாம்பு பல மடங்கு வேறுபடும், ஏனென்றால் களியும் மக்கிய பொருளும் உள்ளே நிறைய அமிலத்தைப் பிடித்து வைத்திருக்கும். மண் பரிசோதனை நிலையத்தில் 'சுண்ணாம்புத் தேவை' என்று கேட்டே சோதிக்கச் சொல்லுங்கள்.

ஏழு என்ற இலக்கும் தேவையில்லாதது. அலுமினியம் அடங்கும் அளவுக்கு, அதாவது 5.5 முதல் 6 வரை, சில வாரங்கள் இடைவெளி விட்டுப் படிப்படியாக ஏற்றினால் பெரும்பாலும் போதும். இன்னொரு ஆபத்தும் உண்டு. எண்ணெயோடு ஆர்சனிக்கோ குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறு இணைதிறன் குரோமியமோ கலந்திருந்தால், பிஎச் ஏற ஏற அவை மண்ணை விட்டுக் கழன்று நிலத்தடி நீருக்கு நகரும். ஈயமும் காட்மியமும் நேர்மாறு. பிஎச் ஏறினால் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். எந்த உலோகம் இருக்கிறது என்று பார்க்காமல் சுண்ணாம்பு மூட்டையைப் பிரிப்பது கிணற்றுத் தண்ணீரோடு விளையாடுவது. உலோகத்தை எந்தப் பாக்டீரியாவும் சிதைத்து இல்லாமல் ஆக்க முடியாது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். அதன் வடிவத்தை மாற்றும், அவ்வளவுதான்.

அப்புறம் உரம். எண்ணெயில் பெரும்பகுதி கார்பன். அதைத் தின்று பெருக நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். கார்பன் 100 பங்குக்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்பது பரவலான கணக்கு. ஒரு டன் மண்ணில் 5 சதவீதம் எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் 50 கிலோ எண்ணெய், அதில் கார்பன் சுமார் 42 கிலோ, அதற்கு நைட்ரஜன் 4.2 கிலோ. யூரியாவாகச் சொன்னால் 9 கிலோ. இதை ஒரே நாளில் போடுவது தவறு. அந்த ஒரு டன் மண்ணில் 200 லிட்டர் ஈரம் இருந்தால் லிட்டருக்கு 45 கிராம் யூரியா என்றாகும். எந்த உயிரும் திணறும். மாதக்கணக்கில் பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். அமில மண்ணில் அம்மோனியம் சல்பேட்டைத் தொடவே தொடாதீர்கள். அதிலுள்ள அம்மோனியம், மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலத்தை வெளிவிடும். நீங்கள் போட்ட சுண்ணாம்பை அதுவே தின்றுவிடும். யூரியாவும் நாளடைவில் அமிலம் சேர்க்கும், ஆனால் குறைவாக. பாஸ்பரஸை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்வதால், பிஎச்சைக் கொஞ்சம் ஏற்றிய பிறகே சூப்பர் பாஸ்பேட் போடுவது நல்லது.

காற்றை மறப்பவர்களும் உண்டு. ஒரு கிலோ எண்ணெயை முழுதாகச் சிதைக்க ஏறத்தாழ 3.4 கிலோ ஆக்சிஜன் தேவை. மழையில் தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் அது எங்கிருந்து வரும்? வடிகால் வெட்டி, அடிக்கடி கிளறிவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று, நாற்றம் போய்விட்டது என்பதற்காக மண் சுத்தமாகிவிட்டது என்று அறிவிப்பது. கன்டென்சேட் போன்ற லேசான எண்ணெயில் பெரும்பகுதி காற்றில் ஆவியாகிப் போய்விடும். பாக்டீரியா எதையும் செய்யாமலேயே மண்ணில் அளவு குறையும். கனமான வளையங்கள் அப்படியே தங்கும். மூல நஞ்சு குறைந்ததை மட்டும் அளப்பதும் இதே ரகம். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் ஹெலிகாப்டரில் தெளித்த எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎச் 9 தண்ணீரில் அது சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். பிஎச் 5-இல் பாதியாக 200 நாளுக்கு மேல் ஆகும். அமிலச் செம்மண்ணில் தண்ணீரால் சிதையும் அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடுவதால், நுண்ணுயிர்கள் அதை ஆக்சிஜனேற்றம் செய்து எண்டோசல்ஃபான் சல்பேட்டாக மாற்றுகின்றன. அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு நஞ்சு. மண்ணில் இன்னும் நீண்ட காலம் நிற்கும். பரிசோதனை அறிக்கையில் 'எண்டோசல்ஃபான் இல்லை' என்று வந்தால், எந்தெந்த வடிவத்தை அளந்தார்கள் என்று கேட்காமல் நிம்மதி அடையாதீர்கள்.

நிலம் முழுவதும் இறங்கும் முன் அதே மண்ணைத் தொட்டிகளில் எடுத்துச் சோதிப்பது மிகவும் மலிவான வழி. ஒன்றில் எதுவும் சேர்க்க வேண்டாம். ஒன்றில் சுண்ணாம்புத் தூளும் உரமும் மட்டும். மற்றொன்றில் அவற்றோடு வாங்கிய பாக்டீரியா. நான்காவதில் ஆய்வகத்தில் உயிர்களையெல்லாம் கொன்ற மண்ணை வையுங்கள். மற்ற மூன்றிலும் குறைந்ததில் ஆவியாகிப் போனது எவ்வளவு என்று அதுதான் சொல்லும். இரண்டு மூன்று மாதம் கழித்து, இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே அளவு காட்டினால், பாட்டிலுக்கு ஒதுக்கிய பணத்தை வடிகாலுக்கும் மண் பரிசோதனைக்கும் மாற்றிவிடலாம்.