கூடாரத்துக்குள் மட்டும் மழை: ஏலகிரியில் சரிசெய்த விதம்

பிள்ளைகளோடு ஏலகிரியில் கூடாரம் போட்டுத் தங்குவது, ஜோலார்பேட்டையில் ரயில் ஏறிப் போய் பெங்களூரில் கப்பன் பூங்காவும் லால்பாக்கும் சுற்றிக் காட்டுவது. இதுதான் திட்டம். ஆனால் விடிந்தால் போர்வை சொதசொதவென்று இருக்கும், சின்னவளுக்குத் தும்மல். துணி காயவைப்பதிலேயே ரயில் நேரம் போய்விடும்.

கூரை ஒழுகுது என்று தையல் ஓரமெல்லாம் பசை தடவினோம். பலனில்லை. மேலே தார்ப்பாய் கட்டினோம். ஈரம் இன்னும் கூடியது.

மழையே இல்லாமல், நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்த இரவுகளில்தான் அதிகம் சொட்டியது. விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். தையலே இல்லாத துணியின் நடுப்பகுதியிலும் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். ஒழுகல் அப்படிப் பரவலாக வராது. நாலு பேர் மூச்சும், உள்ளே காயப்போட்ட துண்டுகளின் ஈரமும், குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணீராகியிருக்கிறது. தார்ப்பாய் இருந்த காற்றையும் அடைத்துவிட்டது.

தார்ப்பாயைக் கழற்றினோம். மேல் காற்றுத்துளைகளைத் திறந்து, வாசலில் கொசுவலையை மட்டும் மூடினோம். தொய்ந்திருந்த வெளித்துணியை முளையடித்து இழுத்து, உள்துணியில் ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டோம். ஈரத்துண்டெல்லாம் காருக்குள் போனது. மறுநாள் போர்வை காய்ந்தே இருந்தது, அப்பாடா!

மரத்தடியில் பனி இன்னும் குறைவு. பலா மரத்தடி மட்டும் வேண்டாம்.