கடல்நீர்த் தொட்டியில் மீன் ஏன் சாகிறது? புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

சித்திரை பிறந்து மதுரையில் வெயில் ஏறியதும் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா நீந்திக்கிட்டு இருந்துச்சுண்ணே, காலைல பாத்தா கிடக்குது." நம்ம ஊரில் கடல்மீன் வளர்ப்பவர்கள் முன்னைவிடக் கூடியிருக்கிறார்கள், நல்ல உப்பும் கருவிகளும் கிடைக்கின்றன, ஆனால் தவறுகள் மட்டும் நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகள்தான். தீனியை அள்ளிப் போடாதே, கண்ணாடியைத் தட்டாதே என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

பாக்டீரியா வருமுன் மீன் வருவது

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா பாறையிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாமல் துளி தீனியை மட்டும் போட்டு அழுகவிட்டு, டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை பொறுக்க வேண்டும். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்பார்கள். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. "முதல்ல டாம்செல் விட்டுப் பாப்போம், அது தாங்குனா நிமோ வாங்குவோம்" என்று ஒரு யோசனையும் உலவுகிறது. டாம்செல் என்கிற சின்ன முரட்டு மீன் பெரும்பாலும் தாங்கிவிடும், அப்புறம் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு நிமோ என்கிற கோமாளி மீனை மூலையில் ஒதுக்கிக் கடித்தே கொன்றுவிடும்.

குறைந்த தண்ணீருக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

மதுரைக் கோடையில் தொட்டியை 26, 27 டிகிரியில் வைக்கத் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் மெஷின் வேண்டும். அதன் விலையைக் கேட்டதும் எல்லோரும் தண்ணீர்மேல் படும்படி ஒரு சின்ன ஃபேனை மாட்டுவார்கள். தப்பில்லை, இங்கே காற்று வறண்டது என்பதால் சென்னையைவிட நமக்கு ஃபேன் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தண்ணீரை ஆவியாக்கித்தான் ஃபேன் குளிர வைக்கிறது, ஆகவே தினமும் மட்டம் இறங்கும். அங்கேதான் வினை. கடல்நீர்த் தொட்டி ஆயிற்றே என்று கேனில் மிச்சமிருக்கும் உப்புத் தண்ணீரை எடுத்து ஊற்றிவிடுகிறார்கள். சில கடைகளில் அப்படித்தான் ஊற்றச் சொல்கிறார்கள் என்பது அதைவிடக் கொடுமை.

போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயேதான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் மூன்றரை கிலோ உப்பு. தினமும் 2 லிட்டர் ஆவியாகி, அதற்கு ஈடாக உப்புத் தண்ணீர் ஊற்றினால் நாளொன்றுக்கு 70 கிராம் உப்பு கூடுகிறது. பத்து நாளில் 700 கிராம், அதாவது லிட்டருக்கு 42 கிராம். உப்புக்குப் பேர்போன செங்கடலே சுமார் 40தான்.

திருநகரில் ஒரு நண்பர், மாதாமாதம் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கடற்கரைக்குப் போய்க் கேன் கேனாகத் தண்ணீர் பிடித்து வருகிறவர், இரண்டு கேனை "டாப் அப்புக்கு" என்று தனியாகவே ஒதுக்கி வைப்பார். மீன்கள் வேகமாக மூச்சு வாங்க ஆரம்பித்தன, தீனியைத் தொடவில்லை. கடையில் கேட்டதற்கு நோய் என்று சொல்லி செம்பு கலந்த மருந்தைக் கொடுத்தார்கள், அவரும் நேராகத் தொட்டியிலேயே விட்டார். செம்பு மீனுக்கு மருந்து, இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். மறுநாள் அவை போயின, மருந்தோ பாறைக்குள்ளும் மணலுக்குள்ளும் ஏறிக்கொண்டது. அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் தண்ணீரின் அடர்த்தி 1.032, இருக்க வேண்டியது 1.025. அவர் உப்பை அளக்க வைத்திருந்த பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் முள்ளில் உப்புப் படிந்து, அது பாட்டுக்குக் குறைத்துக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. இத்தனைக்கும் மனிதருக்கு மாமனார் ஊர் தூத்துக்குடி! உப்பளத்தில் பாத்தி கட்டிக் கடல்நீரை விட்டு, வெயிலில் வற்ற வற்ற மறுபடி விடுவதைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்தவர், வீட்டு ஹாலில் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

கடல்மீனின் உடம்பிலிருந்து எந்நேரமும் தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அது கடல்நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளி உயிரோடு இருக்கிறது. உப்பு ஏற ஏற அந்த வேலை கூடும். உப்பும் சூடும் ஏறினால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். மூச்சு வாங்குவது அதனால்தான், எல்லா மூச்சிரைப்பும் நோய் இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், உப்பில்லாதது. போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள தாதுக்களும் இதே கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். ஆர்ஓ தண்ணீர் சரி, ஆனால் வீட்டு ஆர்ஓ மெஷின்கள் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைத் திரும்பக் கலந்து விடுகிறார்கள், கரைந்திருக்கும் தாதுக்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏசியிலிருந்து வடிவதை ஊற்றுகிறவர்களும் உண்டு. உள்ளே இருப்பது செம்புக் குழாய், அதனால் அது வேண்டாம். உப்பு ஏற்கெனவே ஏறிவிட்டதென்றால் ஒரே நாளில் இறக்கிவிடாமல், தினமும் கொஞ்சம் எடுத்து அதே அளவு நல்ல தண்ணீர் விட்டு மெதுவாகக் கொண்டுவாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டரை அவ்வப்போது சரிபார்க்கவும் வேண்டும்.

மண்டபத்துக் கேன்

கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஏராளம். மூடிய கேனில் வெயிலில் மூன்றரை மணி நேரம் வந்தால் அவை செத்து அழுகும், தொட்டிக்குள் நீங்கள் ஊற்றுவது அம்மோனியா. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத் தண்ணீரில் உப்பும் குறைந்திருக்கும். பிடித்தே தீருவேன் என்றால் துணியில் வடிகட்டி, இருட்டில் காற்று விட்டுச் சில வாரம் வைத்து, அளந்து பார்த்து ஊற்றுங்கள். கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பை வாங்கி ஆர்ஓ தண்ணீரில் கலப்பதே எனக்குப் பிடித்த வழி.

பவளம்

கடலிலிருந்து எடுக்காதீர்கள். செத்ததையும்தான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, எடுப்பது குற்றம்.

டோரி

ஒரு அடி வளரும் நீல நிற மீன். உங்கள் தொட்டி இரண்டடி.

புள்ளி மறைந்ததும் நோய் போய்விட்டது என்று நம்புவது

வெள்ளைப் புள்ளி நோயில் புள்ளி சில நாளில் தானாகவே மறையும். ஒட்டுண்ணி முற்றி மீனை விட்டு இறங்கி, மணலிலும் பாறையிலும் ஒட்டி, உள்ளுக்குள் நூற்றுக்கணக்கில் பெருகுகிற நேரம் அது. அடுத்த தடவை வரும்போது கூட்டமாக வரும். அப்போது பூண்டுச் சாறு, இஞ்சி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கேதான் செம்பு மருந்து கொடுக்க வேண்டும், பெரிய தொட்டியை இரண்டரை மாதம் மீனில்லாமல் போட வேண்டும். இந்தப் பாடு வேண்டாமென்றால் வாங்கும் ஒவ்வொரு மீனையும் முதலில் ஒரு மாதம் தனியாக வைத்துப் பாருங்கள். அதற்கு ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் டப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு போதும்.

கரண்ட்

கரண்ட் போனாலும் தொட்டிக்குக் காற்றுப் போக, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் முதலில் தண்ணீரை அசைக்கும் வேவ் மேக்கர், அதற்குப் பிறகுதான் டிவி. வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் தீனி போட வேண்டாம்.