மேனியா தலைதூக்கும்போது முதலில் காக்க வேண்டியது தூக்கம்

இருதுருவ மனநிலைக் கோளாறு (பைபோலார்) உள்ளவர்களில் பலருக்கு மேனியா, அதாவது உற்சாகமோ எரிச்சலோ அளவுமீறிப் பொங்கும் நிலை, வருமுன் தூக்கம் குறைந்துவிடும். தூக்கமின்மையால் அவதிப்படுபவருக்கு மறுநாள் அசதி இருக்கும். மேனியாவின் தொடக்கத்தில் மூன்று, நான்கு மணி நேரமே தூங்கினாலும் களைப்பே தெரியாது. அதைச் சுறுசுறுப்பு என்று எண்ணி மகிழ்ந்துவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எழும் நேரம் விடுமுறையிலும் மாறக் கூடாது. படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பே விளக்கைக் குறைத்து, செல்பேசியை வேறு அறையில் வையுங்கள். மதியத்துக்குப் பின் காபி வேண்டாம். மதுவும் கூடாது.

உற்சாகமோ எரிச்சலோ பொங்கும்போது அதை அடக்கப் போராடுவதைவிடத் தூண்டுதலைக் குறைப்பது எளிது: கூட்டம், சத்தம், விவாதம் மூன்றையும் விட்டு விலகி, அமைதியான அறையில் இருங்கள். பெரிய செலவு, வேலையை உதறுவது போன்ற முடிவுகளைக் குறைந்தது 48 மணி நேரம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் இரண்டு இரவு ஒழுங்காகத் தூங்கியிருக்க வேண்டும், நம்பிக்கையான ஒருவரிடம் கேட்டிருக்கவும் வேண்டும். ஏடிஎம் அட்டையை யாரிடம் கொடுப்பது, யாரை அழைப்பது என்பதை நலமாக இருக்கும்போதே எழுதிவையுங்கள். மேனியா ஏறிய பின் வீட்டார் சொன்னால் அது அடக்குமுறையாகவே தோன்றும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மனநிலையைச் சீராக வைக்கும் மருந்தான லித்தியம் எடுப்பவர்கள் தண்ணீரையும் உப்பையும் திடீரெனக் குறைக்கக் கூடாது. ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் போடவும் கூடாது. இரண்டுமே ரத்தத்தில் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் நடுக்கம், தள்ளாட்டம், நாக்குழறல் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.