நேர்க்கோணம்: கோடு மாதிரி இருக்கும் இந்த 180° எங்கிருந்து வருகிறது?

ஒரு கோட்டைக் காட்டி, "இதில் 180 பாகைக் கோணம் இருக்கிறது" என்று சொன்னால், புதிதாக வடிவியல் படிப்பவர் விழிக்கத்தான் செய்வார். கூராக எதுவும் இல்லையே, கோணம் எங்கே? நியாயமான கேள்விதான். பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் வரையறையில், ஒரே நேர்கோட்டில் அமையாத இரண்டு கோடுகள் சந்திக்கும்போதுதான் கோணம் என்றார். நாம் 180° என்று எழுதும் இடத்தில் அவர் 'இரண்டு செங்கோணங்கள்' என்றே எழுதினார். இன்றைய பாடங்களில் அதையும் ஒரு கோணமாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். ஏன் என்பது வரைந்து பார்த்தால் புரியும். தாள், பென்சில், அளவுகோல், கோணமானி போதும்.

படி 1: கோணத்தைத் திருப்பமாகப் பாருங்கள்

தாளின் நடுவில் ம என்று ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து வலப்பக்கம் மக என்ற கதிரை, அதாவது ஒரு புள்ளியில் தொடங்கி ஒரே திசையில் போகும் கோட்டை, வரையுங்கள். இப்போது பென்சிலை அந்தக் கதிரின் மேல் படுக்க வைத்து, அதன் அடிமுனை ம-வை விட்டு நகராமல் மெதுவாக இடஞ்சுழியாகத் திருப்புங்கள்.

கொஞ்சம் திரும்பியதும் குறுங்கோணம். செங்குத்தாக நின்றால் 90°, அதாவது செங்கோணம். அதையும் தாண்டினால் விரிகோணம். இன்னும் திருப்பினால் ஓர் இடத்தில் பென்சில், தொடங்கிய திசைக்கு நேர் எதிராகப் படுத்துவிடும். அங்கே மப என்ற கதிரை வரையுங்கள். முழுச் சுற்று 360° என்பதால், பாதிச் சுற்று 180°. ∠கமப என்பதுதான் நேர்க்கோணம்.

ஆக, கோடும் நேர்க்கோணமும் ஒன்றல்ல. கோட்டின் மேல் ஒரு முனையைக் குறித்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் போகும் கதிர்களைப் பார்க்கும்போதுதான் நேர்க்கோணம் கிடைக்கிறது. மற்ற கோணங்களில் உள்பக்கம் ஓர் அளவு, வெளிப்பக்கம் வேறோர் அளவு. நேர்க்கோணத்தில் மட்டும் கோட்டின் இரண்டு பக்கமும் 180°தான்.

படி 2: அளந்து பாருங்கள்

கோணமானியின் மையத்தை ம மேல் வைத்து, அடிக்கோட்டை மக மேல் பொருத்துங்கள். மப சரியாக 180 மேல் விழும். அவ்வளவுதான்.

படி 3: நடுவில் ஒரு கதிர்

நேர்க்கோணத்தின் உண்மையான பயன் இங்கேதான் தொடங்குகிறது. ம-விலிருந்து மேல்நோக்கிச் சாய்வாக மத என்ற கதிரை வரையுங்கள். நேர்க்கோணம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ∠கமத 65° என்றால் ∠தமப-வை அளக்கவே வேண்டாம்: 180 − 65 = 115°. இப்படிப்பட்ட சோடியை நேரிய கோண இணை என்பார்கள்.

கோணமானியில் ஏன் இரண்டு வரிசை எண்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? எந்தக் கோட்டைப் பார்த்தாலும் அங்குள்ள இரண்டு எண்களின் கூடுதல் 180: 40-க்கு 140, 65-க்கு 115. மேலே வரைந்த அதே இணைதான் அது. இதனாலேயே எண்ணை மாற்றிப் படிப்பதும் சுலபம். கண்ணுக்குக் குறுங்கோணமாகத் தெரிவது 115 என்று வந்தால், மற்ற வரிசையைப் பாருங்கள்.

படி 4: கணக்குப் போடுவோம்

நேர்க்கோணத்தை மூன்றாகப் பிரித்தாலும் அதே விதிதான். 50°, 70° தெரிந்தால் மூன்றாவது 60°.

சரி, கொஞ்சம் சுற்றி வளைத்த கணக்கு: ஒரு நேரிய கோண இணையில் ஒன்று மற்றதைவிட 40° பெரிது. 180-இலிருந்து அந்த 40-ஐக் கழித்தால் 140. அதில் பாதி 70. எனவே கோணங்கள் 70°, 110°. கூட்டிப் பார்த்தால் 180 வருகிறதா என்று எப்போதும் சரிபாருங்கள்.

கவனிக்க வேண்டியது

கூடுதல் 180 என்பதாலேயே இரண்டு கோணங்கள் நேரிய கோண இணை ஆகிவிடாது. தாளின் ஒரு மூலையில் 110°, இன்னொரு மூலையில் 70° வரைந்தால் அவை மிகைநிரப்புக் கோணங்கள் (கூடுதல் 180° ஆகும் இரண்டு கோணங்கள்) மட்டுமே. நேரிய கோண இணையாக வேண்டுமென்றால் முனை பொதுவாக இருக்க வேண்டும், ஒரு கதிர் பொதுவாக இருக்க வேண்டும், மீதி இரண்டு கதிர்களும் எதிரெதிரே போக வேண்டும். அப்புறம், படத்தில் நேராகத் தெரிகிறது என்பதற்காக 180° என்று எழுதிவிடாதீர்கள். 178° கூடக் கண்ணுக்கு நேராகவே தெரியும். அது நேர்கோடு என்று கணக்கில் சொல்லியிருக்க வேண்டும்.

படி 5: இரண்டு கோடுகள் வெட்டும்போது

இரண்டு கோடுகளை ஒன்றையொன்று வெட்டுமாறு வரையுங்கள். நான்கு கோணங்களில் ஒன்று 35° என்று வைத்துக்கொள்வோம். அதன் பக்கத்துக் கோணம் 180 − 35 = 145°. அந்த 145°-ஐ மறுபக்கத்தில் ஒட்டி இருப்பது 180 − 145, மறுபடியும் 35°. குத்தெதிர்க் கோணங்கள் (வெட்டும் புள்ளியில் எதிரெதிரே இருப்பவை) சமம் என்று பலரும் மனப்பாடம் செய்யும் விதியின் நிரூபணம் இந்த இரண்டு கழித்தல்கள்தான். 35-க்குப் பதில் வேறு எந்த எண்ணைப் போட்டாலும் இப்படியேதான் வரும். நான்காவது கோணத்தை நீங்களே கண்டுபிடியுங்கள்.