உபுண்டுவில் இரண்டாவது மானிட்டர்: மேசையில் இருப்பது போலவே திரையிலும்

ஒரே திரையில் பிடிஎஃப்பையும் எழுதும் ஃபைலையும் மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போனவர்களுக்கு இரண்டாவது மானிட்டர் பெரிய நிம்மதி. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் வரும் க்னோம் டெஸ்க்டாப்பை (திரையில் தெரியும் விண்டோக்கள், மெனுக்களை அமைத்துத் தருவது) வைத்துச் சொல்கிறேன்.

முதலில் எச்டிஎம்ஐ கேபிளை மாட்டி மானிட்டரை ஆன் செய்யுங்கள். படம் வராவிட்டால், மானிட்டரில் இருக்கும் பட்டனை அழுத்தி எச்டிஎம்ஐ இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து செட்டிங்ஸில் டிஸ்பிளேஸ் பகுதிக்குப் போங்கள். மிரர் என்றால் இரண்டிலும் ஒரே படம்தான் தெரியும். நமக்கு வேண்டியது ஜாயின். அதைத் தேர்ந்தெடுத்ததும் இரண்டு திரைகளும் எண் போட்ட இரண்டு பெட்டிகளாகத் தெரியும்.

இந்தப் பெட்டிகளைத்தான் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். என் மானிட்டர் லேப்டாப்புக்கு இடப்பக்கம் இருக்கிறது. பெட்டியோ வலப்பக்கம் இருந்தது. மவுஸை இடப்பக்கம் நகர்த்தினால் ஓரத்தில் முட்டி நின்றது. பெட்டியை மவுஸால் பிடித்து இடப்பக்கம் இழுத்து விட்டதும் சரியானது.

உயரத்தையும் பாருங்கள். லேப்டாப் 1366 × 768, மானிட்டர் 1920 × 1080 என்று வைத்துக்கொள்வோம். உயரத்தில் 312 பிக்சல் வித்தியாசம். பெட்டிகளின் மேல் விளிம்புகள் ஒரே மட்டத்தில் இருந்தால், பெரிய திரையின் கீழ்ப்பகுதியிலிருந்து மவுஸ் லேப்டாப்புக்குத் தாண்டாது. அங்கே பக்கத்தில் திரையே இல்லை. மேசையில் இரண்டின் அடிப்பாகமும் ஒரே மட்டத்தில் இருந்தால், பெட்டிகளின் கீழ் விளிம்புகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அப்புறம் பிரைமரி டிஸ்பிளே, அதாவது முதன்மைத் திரை. மேல் பட்டை அந்தத் திரையில்தான் வரும். நேர் எதிரே இருக்கும் திரையையே வைத்துக்கொள்ளுங்கள், கழுத்துக்கு நல்லது. அப்ளை கொடுத்ததும், மாற்றத்தை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். 20 விநாடிக்குள் கீப் சேஞ்சஸ் அழுத்தாவிட்டால் பழைய நிலைக்கே போய்விடும். அதனால் திரை கருத்துப்போனாலும் பயப்படாமல் கொஞ்சம் பொறுங்கள்.

இந்த அமைப்பை ஒரு தடவை செய்தால் போதும். கேபிளைக் கழற்றி மறுநாள் அதே மானிட்டரை மாட்டினாலும் இதே அமைப்பு தானாக வந்துவிடும்.

விண்டோவை அடுத்த திரைக்கு அனுப்ப மவுஸ் தேவையில்லை. சூப்பர் கீயையும் (விண்டோஸ் லோகோ போட்ட கீ) ஷிஃப்டையும் சேர்த்துப் பிடித்து, இடது அல்லது வலது அம்புக்குறியைத் தட்டுங்கள். வொர்க்ஸ்பேஸ் (விண்டோக்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்க உதவும் பணியிடம்) மாற்றும்போது பிரைமரி திரை மட்டுமே மாறும். இரண்டும் சேர்ந்து மாற வேண்டுமென்றால் செட்டிங்ஸில் மல்டிடாஸ்கிங் பகுதியில் அதற்கான தேர்வு இருக்கிறது. நான் மாற்றவில்லை, பக்கத்துத் திரையில் பிடிஎஃப் அசையாமல் நிற்பதுதான் எனக்கு வசதி.