பிளாக்செயின் தளத்தில் பதிவிடும் முன்

ஸ்டீமிட், ஹைவ் போன்ற பிளாக்செயின் (பல கணினிகளில் நகல் வைத்துக் காக்கப்படும் பொதுப் பதிவேடு) சமூகத் தளங்களில் எழுதுகிறீர்களா? ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு எழுதுங்கள். அங்கே 'அழி' பொத்தானை அழுத்தினால் பதிவு திரையிலிருந்துதான் மறையும். ஹைவில் சுமார் 3 விநாடிக்கு ஒரு பிளாக், அதாவது புதிய பதிவுகளின் ஒரு தொகுப்பு, உருவாகிறது. அதில் ஏறிய வரிகளின் நகல், உலகின் பல இடங்களில் ஓடும் கணினிகளுக்குப் போய்விடும். பிறகு நீங்கள் திருத்தினாலும் அந்தத் திருத்தம் புதிய பிளாக்கில்தான் சேரும். பழைய வரிகள் பழைய பிளாக்கில் அப்படியே இருக்கும். பிளாக்குகளில் உள்ளதைக் காட்டும் இணையப் பக்கமான பிளாக் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து உங்கள் கணக்குப் பெயரைத் தட்டினால், யார் வேண்டுமானாலும் இரண்டையும் படிக்கலாம்.

ஆகவே தொலைபேசி எண், வீட்டு முகவரி, நோய் விவரம், குழந்தையின் பெயர், பள்ளி எதையும் அங்கே எழுதாதீர்கள். குழந்தை விஷயத்தில் நான் ரொம்பவே கறார். வளர்ந்தபின் வேண்டாமென்று சொல்லும் உரிமை அவர்களுக்கு மிச்சமிருக்க வேண்டும்.

படங்கள் பெரும்பாலும் பிளாக்கில் ஏறுவதில்லை, இணைப்பு மட்டுமே ஏறும். உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள சேமிப்பிடத்தில் படத்தை வைத்து இணைப்பு கொடுத்தால், பின்னால் அதை நீக்கலாம், அதற்குள் யாரும் நகல் எடுக்காமலிருந்தால்.

பலர் கவனிக்காத இடம், பணம் அனுப்பும்போது எழுதும் மெமோ என்ற சிறு குறிப்பு. அதுவும் பகிரங்கம்தான். ஹைவில் மெமோவை # குறியுடன் தொடங்கினால் மறையாக்கம் ஆகும், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடியும். ஆனால் அதைத் திறக்கும் ரகசியக் குறியீடான மெமோ சாவி என்றாவது கசிந்தால், பழைய மெமோக்கள் எல்லாமே திறந்துகொள்ளும்.